தறிக்கு அறிவூட்டிய நெசவாளர் – யோசேப் மரி ஜக்கார்



திருமணத்துக்கெனக் காஞ்சிபுரத்துக் கூறைச்சேலையொன்றை எடுக்கும்போது நீங்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பீர்கள். அடுத்துத் தலைப்பை விரித்து, அதிலுள்ள அன்னத்தையும் மயிலையும் மாங்காயையும் விரலால் தடவிப் பார்ப்பீர்கள். அவை துணியின்மேல் தீட்டப்பட்டவை அல்ல, நூலோடு நூலாக நெய்யப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான நூல்களுக்குள் எந்த நூல் எந்த வேளையில் மேலெழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பதைத் தறி எப்படி அறிகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

காஞ்சிபுரத்தில் பல கைத்தறிகளுக்கு மேலே ஒரு பொறி பூட்டப்பட்டிருக்கும். துவாரமிட்ட அட்டைகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டு அதிலே தொங்கும. நெசவாளர்கள் அதனை ‘ஜக்காட்’ என்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர். பிரான்சு நாட்டின் லியோன் நகரிலே பிறந்த யோசேப் மரி ஜக்கார் என்னும் ஏழை நெசவாளரின் பெயர் அது. அவருடைய தாய்மொழியில் பெயரின் ஈற்றெழுத்தை ஒலிப்பதில்லை. ஆகவே மனிதரை ‘ஜக்கார்’ என்றும், பொறியை நம்மவர் சொல்லுமாப்போல் ‘ஜக்காட்’ என்றும் இங்கே எழுதுவோம்.

புதிய பொறி வந்தால் பழைய தொழிலாளிக்கு என்ன நேரும் என்பது நம் வீடுகளிலும் இன்று கேட்கப்படும் கேள்வி. பிள்ளையை எதைப் படிக்க விடுவது, படித்த தொழில் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு நிலைக்குமா என்று பெற்றோர் அங்கலாய்க்கின்றனர். இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நகரம் முழுவதுமே தன் வாழ்வையும் தாழ்வையும் பணயம் வைத்து விடை தேடியது. ஜக்காரின் வரலாற்றைச் சொல்வதற்கு அதுவே காரணம்.

பட்டு நகரின் பிள்ளை

ஜக்கார் 1752ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி லியோனிலே பிறந்தார். அந்நகரம் அப்பொழுது ஐரோப்பாவின் பட்டுத் தலைநகரம். அரச மாளிகைகளின் திரைச்சீலைகளும், குருமார் அணியும் பூசை உடைகளுக்கான பூம்பட்டும், சீமாட்டிகளின் ஆடைகளும் அங்கேதான் நெய்யப்பட்டன. தந்தை சரிகைப்பட்டு நெய்யும் தலைமை நெசவாளர். சொந்தத் தறிகள் உடையவர். தாய் அந்துவானெத் ரீவ் பட்டுத் தொழிலிலே ‘சித்திரம் வாசிப்பவர்’. இந்தப் பெண்ணின் தொழிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

ஒன்பது பிள்ளைகள் பிறந்த வீட்டில் வளர்ந்து ஆளானவர்கள் இருவர் மட்டுமே: யோசேப்பும் அவரின் அக்காள் கிளமான்சும். பத்து வயதிலே தாயை இழந்தான் சிறுவன். பள்ளிக்கூடம் போகவில்லை. பதின்மூன்று வயதுவரை எழுத்து வாசனையே அறியாதிருந்த அவனுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் அக்காளின் கணவர் பாரே. அவர் அச்சகமும் புத்தகக் கடையும் வைத்திருந்தவர். படித்த அத்தான் ஒருவர் வாய்க்காதிருந்தால் உலகம் ஜக்காரின் பெயரைக் கேட்டிருக்குமோ என்னவோ!

தறியடிச் சிறுவர்கள்

அக்காலத்துப் பூவேலைத் தறியை ஒருவர் தனியே இயக்க முடியாது. நெசவாளர் தறியின் முன் இருந்து நாடாவை ஓட்டுவார். தறியின் பக்கத்திலே இன்னொருவர் நின்று கயிறுகளை இழுப்பார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது கிராமப்புறத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு சிறுமி.

பாவு நூல்கள் ஒவ்வொன்றும் கயிற்றோடு தொடுக்கப்பட்டிருக்கும். பூவின் ஒரு வரி நெய்வதற்கு இன்ன இன்ன நூல்கள் மேலெழ வேண்டும் என்றிருந்தால், அதற்குரிய கயிற்றுக் கொத்தைப் பிள்ளை இழுத்துப் பிடிக்க வேண்டும். நெசவாளர் ஊடை நூலைச் செலுத்தியதும் விட்டுவிட்டு அடுத்த கொத்தை இழுக்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் ஈயக் குண்டு தொங்கும். கொத்தாக இழுக்கும்போது அந்தப் பாரமெல்லாம் பிள்ளையின் தோளில் இறங்கும். இவ்வாறு காலை தொட்டு இரவு வரை. வளர வேண்டிய உடம்பு வளைந்தும் கோணியும் போயிற்று. தறியடிப் பிள்ளைகளின் நலிவு லியோனில் எல்லோரும் அறிந்த ஒன்று. அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வேலைக்கும் ஒரு திறமை வேண்டும் என்பதை நாம் மறக்கக் கூடாது. எந்த வரிசையில் எந்தக் கொத்து என்பது பிழைத்தால் பட்டு பழுதாகும். ஆனால் அந்தத் திறமையால் அப்பிள்ளைக்கு வருங்காலம் எதுவும் கிடைக்கவில்லை. இழுக்கத் தெரிந்தது, ஆனால் தான் இழுப்பது என்ன சித்திரம் என்பதைக் கற்பிப்பார் எவருமில்லை.

இளவயதில் ஜக்காரும் தந்தையின் தறியடியில் இவ்வாறு பாடுபட்டார் என்றும், உடல் தாங்காததால் புத்தகம் கட்டும் தொழிலுக்கு விடப்பட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் சொல்வார்கள். எப்படியாயினும், அந்தப் பிள்ளைகளின் நடுவே பிறந்து வளர்ந்தவர் அவர். அவர்களின் பாட்டை நாளாந்தம் கண்டவர்.

கடனும் போரும்

1772இல் தந்தை இறந்தார். வீடும், தறிகளும், கூசோன் என்னும் ஊரிலே திராட்சைத் தோட்டமும் கல்லகழும் இடமும் மகனுக்குக் கிடைத்தன. கிடைத்ததைக் காப்பாற்றும் சாமர்த்தியம் அவருக்கு இருக்கவில்லை. 1778இல் குளோதீன் புவாசோன் என்னும் விதவையை மணந்தார். அடுத்த ஆண்டில் ஒரு மகன் பிறந்தான். கடன் ஏறியது, வழக்கு வந்தது, சொத்துகள் விலைப்பட்டன. தறிக்கு உரித்தான முதலாளியாய் இருந்தவர் கூலிக்காரர் ஆனார். அவர் சுண்ணாம்புச் சூளையில் உழைத்தார் என்றும், மனைவி வைக்கோல் தொப்பி பின்னிக் குடும்பத்தைத் தாங்கினாள் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது.

அதன்பின் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793இல் லியோன் நகரம் புரட்சி அரசுக்கு எதிராக எழுந்தபோது, இரண்டு மாதம் முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. ஜக்காரும் நகரைக் காக்க நின்றவர்களுள் ஒருவர். நகரம் வீழ்ந்ததும் மகனோடு தப்பியோடிப் படையில் சேர்ந்தார். அந்தப் போர்களிலே ஒரே மகனைப் பறிகொடுத்தார். ஐம்பது வயதை அண்மிக்கும் நேரத்தில், சொத்தும் பிள்ளையும் இன்றி மீண்டும் லியோனுக்குத் திரும்பி வந்தார்.

மனிதர் உடைந்துபோக இது போதாதா? ஆனால் அவருடைய உண்மையான வாழ்வு இனித்தான் தொடங்குகிறது.

வலையும் தறியும்

1800ஆம் ஆண்டு டிசெம்பரிலே, கயிறிழுக்கும் ஆள் இல்லாமலே பூவேலை நெய்யக்கூடிய தறியொன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அந்தத் தறி முழுமையானதல்ல; ஆயினும் பெரியோர் கண்ணில் அவர் பட்டார்.

அடுத்து அவர் கை வைத்தது மீன்வலையில்! கடலோரத்து வாசகர்களுக்கு இது சுவையாயிருக்கும். வலையைக் கையால் முடிச்சிட்டுப் பின்னுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வலை பின்னும் பொறிக்குப் பரிசு தருவதாக ஓர் அறிவிப்பு வந்திருந்தது. ஜக்கார் அத்தகைய பொறியொன்றை அமைத்தார். அதன் பயனாகப் பாரிஸ் நகருக்கு அழைக்கப்பட்டு, கலைத்தொழில்களுக்கான பெரிய நிறுவனமொன்றிலே வேலை செய்யும் வாய்ப்பைப் பெற்றார்.

அந்த நிறுவனத்தின் பொருட்காட்சிச் சாலையில் ஒரு பழைய தறி கிடந்தது. 1745இல் வோகான்சோன் என்னும் பொறியியல் மேதை செய்த தானியங்கித் தறி அது. அவருக்கும் முன்னர், 1725இல் புசோன் என்பவர் துவாரமிட்ட கடதாசிச் சுருளாலும், 1728இல் பால்கோன் என்பவர் துவாரமிட்ட அட்டைகளாலும் தறியின் கயிறுகளைத் தெரிந்தெடுக்கும் வழியைக் கண்டிருந்தார்கள். மூவரும் லியோனோடு தொடர்புடையவர்களே. ஆனால் அவர்களின் பொறிகளில் ஒன்றில் ஆள் தேவைப்பட்டது, ஒன்றில் சித்திரத்தின் அளவு சுருங்கியது, ஒன்றில் செலவு தாளவில்லை. ஆகவே அவை தூசி படிந்து கிடந்தன.

ஜக்கார் செய்தது இம்மூவரின் எண்ணங்களையும் ஒன்றுசேர்த்ததே. தறியில் இருந்து உழைத்தவர் ஆனபடியால், எங்கே நூல் அறும், எங்கே கொக்கி சிக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. 1804ஆம், 1805ஆம் ஆண்டளவில் புதிய பொறி உருவாயிற்று.

அட்டை பேசும் மொழி

அதன் வேலை முறையைச் சற்றுப் பொறுமையோடு பாருங்கள். கடினமானதன்று.

தறியின் உச்சியிலே நிரை நிரையாகக் கொக்கிகள் நிற்கும். கொக்கி உயர்ந்தால் அதோடு தொடுத்த பாவு நூல்களும் உயரும். ஒவ்வொரு கொக்கிக்கும் குறுக்கே ஓர் ஊசி. ஊசிகளின் முனைக்கு எதிரே நாற்சதுர உருளையொன்று ஓர் அட்டையைக் கொண்டுவந்து அழுத்தும். அட்டையில் துவாரம் உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதன் கொக்கி அசையாது நின்று, மேலே எழும் சட்டத்தால் தூக்கப்படும். துவாரம் இல்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்படும். அதன் கொக்கி விலகிக் கீழேயே நின்றுவிடும். நெசவாளர் மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை நூல். உருளை திரும்ப, அடுத்த அட்டை வரும். அட்டைகள் முடிவில்லாத மாலையாய்க் கோக்கப்பட்டிருப்பதால், சித்திரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

துவாரம் என்றால் ‘எழு’. துவாரமின்மை என்றால் ‘இரு’. இவ்விரண்டு சொற்களால் ரோசாப் பூவையும் எழுதலாம், மனித முகத்தையும் எழுதலாம். கயிறிழுக்கும் பிள்ளை உடம்பால் செய்ததை அட்டை செய்தது. பிள்ளை இனித் தேவையில்லை.

1805ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி பேரரசர் நெப்போலியனும் அரசி யோசபீனும் லியோனுக்கு வந்து இப்பொறியைப் பார்த்தார்கள். மூன்று நாட்களின் பின் அதன் உரிமை நகருக்கே வழங்கப்பட்டது. ஜக்காருக்கு ஆயுட்காலம் வரை ஆண்டுக்கு 3,000 பிராங் உபகாரச் சம்பளம். 1811 வரை பூட்டப்படும் ஒவ்வொரு பொறிக்கும் 50 பிராங். கோடீசுவரர் ஆகக்கூடிய ஒருவர் இதனோடு அமைந்தார். அவருடைய கண்டுபிடிப்பு ஒரு முதலாளியின் பெட்டிக்குள் பூட்டப்படாமல் ஊருக்குப் பொதுவாயிற்று என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

ஊர் சீறியது

நன்மை செய்தவருக்கு ஊர் மாலை போட்டதா? இல்லை. நெசவாளர்கள் அவரை எதிரியாகப் பார்த்தார்கள். தங்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவர் என்று ஏசினார்கள். பொறியைச் சந்தியிலே போட்டு எரித்தார்கள் என்றும், அவரை ஆற்றில் தள்ள முயன்றார்கள் என்றும் பின்னாளில் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வந்தது.

அவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன் அவர்களின் பக்கத்தையும் கேளுங்கள். தொடக்கத்தில் பொறி ஒழுங்காக ஓடவில்லை. அட்டைகள் நழுவின, கொக்கிகள் சிக்கின, சத்தம் காதைப் பிளந்தது. பொறியை வாங்கப் பணம் வேண்டும். அது பழுதானால் திருத்தும் கெட்டிக்காரன் ஊரில் இல்லை. நெய்கிறவனுக்கு நாட்கூலி கிடையாது. நெய்த அளவுக்கே காசு. தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். மேலும், தறியடியில் கயிறிழுத்தது பெரும்பாலும் அவர்களின் சொந்தப் பிள்ளையோ மனைவியோ உறவினரோதான். அந்தக் காசும் வீட்டுக்குத் தேவையாயிருந்தது.

1815இல் பிரெத்தோன் என்னும் வேறொரு பொறிவல்லுநர் அட்டையைச் செலுத்தும் பகுதியைச் சீர்திருத்தினார். அதன் பின்னரே பொறி நம்பத்தக்கதாயிற்று. எதிர்ப்பும் மெல்லத் தணிந்தது. ஒரு புதுமை பெயர் பெற்றவர் ஒருவரால் மட்டும் வெற்றி பெறுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. 1819இல் ஜக்காருக்கு நாட்டின் உயர்ந்த கௌரவப் பதக்கம் அளிக்கப்பட்டது.

யார் இறங்கினார், யார் ஏறினார்?

இப்பொழுது நம்முடைய கேள்விக்கு வருவோம். பொறி வந்தபின் லியோனின் தொழில்களுக்கு என்ன நேர்ந்தது?

கயிறிழுக்கும் தொழில் அடியோடு மறைந்தது. அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொழில் ஒன்றையே அறிந்திருந்தவர்களுக்கு மாற்று வழியை யாரும் ஆயத்தப்படுத்தி வைக்கவில்லை. பிள்ளையின் கை விடுதலையானது. அந்தக் கையில் புத்தகத்தையோ வேறு கருவியையோ கொடுக்கும் கடமையைப் பொறி செய்யாது, மனிதர்தான் செய்ய வேண்டும். அன்றைய லியோனில் அது போதிய அளவு நடைபெறவில்லை.

சித்திரம் வாசிக்கும் தொழிலின் கதை வேறு. ஜக்காரின் தாய் செய்த வேலையை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? ஓவியர் வரைந்த பூவைக் கட்டமிட்ட தாளில் பெருப்பித்து எழுதுவார்கள். அதைக் கட்டம் கட்டமாக வாசித்து, எந்தக் கயிறு எந்தக் கொத்தில் சேர வேண்டும் என்று தொடுப்பதே அவள் தொழில். புதிய பொறி வந்தபின் அதே வாசிப்பு தேவைப்பட்டது. கயிறு தொடுப்பதற்குப் பதிலாக அட்டையில் துவாரமிட வேண்டியிருந்தது. ஆகவே இந்தத் தொழில் அழியவில்லை. கருவி மாறியது, அறிவு தொடர்ந்தது, தேவை பெருகியது. ஒரு நல்ல பூம்பட்டுக்கு ஆயிரக்கணக்கான அட்டைகள் வேண்டுமல்லவா?

அதோடு முன்னில்லாத தொழில்களும் பிறந்தன. அட்டை வெட்டுவோர், அட்டை கோப்போர், பொறி செய்வோர், பழுது பார்ப்போர், பாவைப் பொறியோடு இணைத்துத் தறியை ஆயத்தம் செய்வோர் என்று புதிய கைகள் வேலைக்கு வந்தன.

நெசவாளரின் நிலை இரண்டுக்கும் நடுவிலே இருந்தது. சித்திரத்தைக் கவனிக்கும் பொறுப்பின் ஒரு பங்கு அவரிடமிருந்து அட்டைக்குப் போயிற்று. ஆனால் பட்டுநூலின் இழுவிசையைக் கையால் உணர்வதும், அறுந்த நூலைத் தழும்பில்லாமல் முடிவதும், ஊடையைச் சமனாக அடிப்பதும் அவரிடமே இருந்தன. அவற்றை எந்த அட்டையும் கற்றுக்கொள்ளவில்லை. முன்பு இருவர் செய்ததைத் தனியொருவராய்ச் செய்ததால், பொறுப்பும் களைப்பும் கூடின.

இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கையின் ஓர் அசைவை மட்டும் கற்றிருந்தவர் பொறி வந்ததும் தொழிலை இழந்தார். வேலையின் உட்பொருளைக் கற்றிருந்தவர் புதிய கருவிக்கு மாறினார்.

நகரமே இடம் பெயர்ந்தது

புதிய பொறி பூட்டிய தறி ஏறக்குறைய நான்கு மீற்றர் உயரமானது. பழைய நகரின் தாழ்ந்த கூரைகளுக்குள் அது நிற்காது. ஆகவே நெசவாளர்கள் குருவா ரூஸ் என்னும் குன்றின்மேல் புதிதாகக் கட்டப்பட்ட உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட வீடுகளுக்குக் குடியேறினர். எதிரே மாதாவின் திருத்தலம் அமைந்த பூர்வியேர் குன்று. அதனைச் செபிக்கும் குன்று என்றும், இதனை உழைக்கும் குன்று என்றும் லியோன் மக்கள் அழைப்பார்கள். ஒரே அறைக்குள் தறியும் படுக்கையும் அடுப்பும். நாள் முழுதும் தறிகளின் ஓசை தெருவெங்கும் கேட்கும்.

பயந்ததுபோல் வேலை இல்லாமற் போயிற்றா? இல்லை. பூம்பட்டு மலிந்ததால் வாங்குவோர் பெருகினர், தறிகளும் பெருகின. 1812ஆம் ஆண்டளவிலேயே பிரான்சில் 11,000 ஜக்காட் தறிகள் இருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் வேலை பெருகியது வேறு, கூலி உயர்ந்தது வேறு. தறி நெசவாளருடையது, பட்டுநூலும் சந்தையும் வியாபாரியுடையவை. ஒரு முழத்துக்கு என்ன விலை என்பதை வியாபாரியே தீர்மானித்தார். பொறிக்குப் பட்ட கடனும் வீட்டு வாடகையும் நெசவாளர் தலையில். பொறி தந்த இலாபத்தின் பெரும்பங்கு மறுபக்கத்தில்.

1831 ஒக்டோபரில் இரு தரப்பாரும் கூடி, மாவட்ட அதிபரின் முன்னிலையில் குறைந்தபட்ச விலைப்பட்டியல் ஒன்றுக்கு இணங்கினார்கள். வியாபாரிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பர் 21ஆந் திகதி குன்றிலிருந்து நெசவாளர்கள் இறங்கினார்கள். நகரம் அவர்கள் வசமாயிற்று. இரு பக்கத்திலும் நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். டிசெம்பரில் பெரும்படை வந்து நகரை மீட்டது, விலைப்பட்டியல் செல்லாதாக்கப்பட்டது. 1834 ஏப்பிரலில் மறுபடியும் கலகம் மூண்டு, இரத்தம் ஓட அடக்கப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் ஜக்காரைத் திட்டிய அதே நெசவாளர் சமூகம் 1831இல் தறிகளை உடைக்கக் கிளம்பவில்லை. தறி அவர்களின் சோறு என்பதைக் கண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான விலையை. தங்கள் துன்பத்தின் வேர் இரும்புக் கொக்கியில் இல்லை, பங்கிடும் முறையில் இருக்கிறது என்பதை இருபது ஆண்டு அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அவர்கள் வேறு சிலவற்றையும் கற்றிருந்தார்கள். 1828இல் தங்களுக்குள் பரஸ்பர உதவிச் சங்கமொன்றை அமைத்தார்கள். 1831 ஒக்டோபரில் தங்களுக்கென வாரப் பத்திரிகையொன்றைத் தொடங்கினார்கள். வழக்குகளையும் விலைகளையும் புதிய பொறிகளையும் பற்றித் தறிக்காரர் தாமே எழுதி, தறிக்காரர் தாமே வாசித்தனர். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டினார். கைத்திறனோடு எழுத்தறிவையும் ஒன்றுகூடும் அறிவையும் சேர்த்துக்கொண்டது அந்தக் குன்று. அந்த அறிவே பின்னாளில் கூட்டுறவுக் கடைகளுக்கும் தொழிலாளர் சங்கங்களுக்கும் வித்தானது.

முதியவரின் முடிவு

அந்தக் கலவரங்களின் காலத்தில் ஜக்கார் எண்பது வயதை ஒட்டிய முதியவர். லியோனுக்கு அருகிலுள்ள ஊலான் என்னும் சிற்றூரிலே அமைதியாக வாழ்ந்தார். ஊரார் கண்ணில் எளிய மனிதர். இரண்டாவது கலகம் அடங்கிய சில மாதங்களில், 1834 ஓகஸ்ட் 7ஆந் திகதி, அவர் அங்கே கண் மூடினார். அவருக்குப் பின் பெயர் சொல்லப் பிள்ளை இல்லை. எதிர்த்த நகரமே 1840இல் அவருக்குச் சிலை எழுப்பியது.

அதற்கு முந்திய ஆண்டில் லியோன் நெசவாளர் அவருடைய உருவத்தையே பட்டிலே நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர்கள் அதை அச்சிட்ட படமென்றே நினைத்தார்கள். அதில் ஒரு பிரதியை இங்கிலாந்துக் கணித மேதை சாள்ஸ் பபேஜ் தம் வீட்டிலே வைத்திருந்தார். தாம் திட்டமிட்டிருந்த கணக்கிடும் பொறிக்குக் கட்டளையிட ஜக்காரின் அட்டைகளையே பயன்படுத்த அவர் எண்ணினார். அந்தப் பொறி அவர் காலத்தில் கட்டி முடிக்கப்படவில்லை. 1890இல் அமெரிக்கக் குடிசன மதிப்பில் கெர்மன் கொலரித் துவாரமிட்ட அட்டைகளால் கணக்கெடுத்தார். இருபதாம் நூற்றாண்டில் கணனிகளுக்கும் நெடுங்காலம் அட்டைகளே கட்டளை கொண்டுசென்றன. ‘எழு’, ‘இரு’ என்ற இரண்டே சொற்கள் இன்று ஒன்று, பூச்சியம் என்னும் இலக்கங்களாகக் கணனிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வாசகர்களே, இன்று எழுதும், வரையும், மொழிபெயர்க்கும், கணக்குப் பார்க்கும் பொறிகள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டி, இனி யாருக்கு வேலை இருக்கும் என்று கேட்கிறார்கள். அச்சம் நியாயமானதே. லியோன் நெசவாளரின் அச்சமும் நியாயமானதுதான். பொறி எதை எடுக்கும் என்பதில் அவர்கள் ஓரளவு சரியாகவே கணித்தார்கள், எதைத் தரும் என்பதை அவர்களால் அப்போது காண முடியவில்லை.

உங்கள் பிள்ளை எந்தத் தொழிலையும் கற்கட்டும். தச்சாகட்டும், தையலாகட்டும், கணக்கியலாகட்டும், கணனியாகட்டும். அதில் கயிறிழுக்கும் பகுதி எது, சித்திரம் வாசிக்கும் பகுதி எது என்று நீங்கள் கேளுங்கள். சொன்னதைத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் கற்பிக்கப்படுகிறதா, அல்லது ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதும் கற்பிக்கப்படுகிறதா? சோதனைக்காக விடைகளை மனனஞ் செய்யும் பிள்ளை கயிறுதான் இழுக்கிறது. கேள்வியை விளங்கிக்கொள்ளும் பிள்ளை சித்திரத்தை வாசிக்கிறது.

இதோடு பெரியவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. புதிதாய்க் கற்கக் காலம் வேண்டும், காசு வேண்டும், கற்பிப்பார் வேண்டும். நாற்பது வயதில் தொழிலை இழந்தவருக்கு, மறுபடி படி என்று சொல்வது எளிது. படிக்கும் மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு எரிய யார் உதவுவது? லியோனில் அந்தப் பாரத்தை நெசவாளர் குடும்பங்கள் தனியே சுமந்தன. அதன் விலையை 1831இலும் 1834இலும் நகரம் முழுவதும் கொடுத்தது. வேலை கொடுப்போரும், அரசும், சங்கங்களும், அயலவரும் அந்தப் பாரத்தில் தோள் கொடுத்தால், மாற்றம் அழிவாக முடிய வேண்டியதில்லை.

எழுத்தறியாத பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அருகே இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த அத்தானுக்குச் சிலை எதுவும் இல்லை. ஆயினும் ஜக்காரின் பொறிக்கு முன்னரே நடந்த முதல் வேலை அதுதான். உங்கள் அயலிலும் அப்படியொரு சிறுவனோ, வேலையிழந்த ஒரு பெரியவரோ இருக்கக்கூடும். உங்களுக்குத் தெரிந்ததை அவருக்கும் கற்றுக்கொடுங்கள்.